கேம் விளையாண்டதாலதான் கெட்டுப்போச்சா? – வீட்டுக் கணினி படுத்த வரலாறு

புதுச்சேரின்னதும் வெளியூர் நண்பர்களுக்கு ஞாபகம் வர்றது என்னென்னன்னு எனக்குத் தெரியும். கடற்கரைச் சாலை, ஆரோவில், மஞ்சள் சுவரு வச்ச பிரெஞ்சு வீடுகள், அப்புறம் 'அந்த' சமாச்சாரம் :-) யாரும் சொல்லாத ஒண்ணு இருக்கு. இந்தியாவுல வித்த கணினிகள்ல ஏகப்பட்ட பெட்டிகளுக்குப் பொறந்த ஊர் இதுதான்.

ஆமாங்க. எச்.சி.எல். கம்பெனிக்கு சேதராப்பட்டுல ஆலை இருந்துச்சு. விப்ரோ இங்க பெட்டி செஞ்சது. ஏசர் செஞ்சது. ஐபிஎம்மோட பிசி வியாபாரத்தை 2005-ல் வாங்கின லெனோவோவுக்கும் இங்கதான் ஆலை. யூனியன் பிரதேசம்ங்கறதால கிடைச்ச வரிச்சலுகைதான் எல்லாரையும் இழுத்துட்டு வந்துச்சு. ஆனா வேடிக்கை என்னன்னா, உள்ளூர்க்காரங்க வீட்டுல பெரும்பாலும் இருந்தது அந்த பிராண்டு பெட்டி கிடையாது. சென்னை ரிச்சி தெருவுல பாகம் பாகமா வாங்கி, பஸ்ல மடியில வச்சுக் கொண்டாந்து மாட்டின 'அசெம்பிள்டு' பெட்டி. அண்ணன் கடையில வெள்ளாவி, தம்பி கட்டுறது அழுக்கு வேட்டிங்கற மாதிரி!

ரெண்டு பெட்டியுமே படுத்துச்சு. சும்மா ஒரு தடவை இல்ல, திரும்பத் திரும்ப. அப்படிப் படுக்கும்போதெல்லாம் நம்ம வீடுகள்ல சொல்லப்பட்ட தீர்ப்பு ஒண்ணே ஒண்ணுதான்: "பையன் கேம் விளையாண்டு கெடுத்துட்டான்." தண்டனையும் ஒண்ணுதான்: பையனுக்கு ரெண்டு மாசம் பெட்டி கட். பெட்டிக்கு ஃபார்மட்.

இந்த வழக்கை இப்போ மறுவிசாரணைக்கு எடுக்கலாம்னு தோணுது. முப்பது வருஷ சாட்சியம் கையில இருக்கு. ஒவ்வொரு காலத்துலயும் உண்மையான குற்றவாளி யாருன்னு வரிசையா பாத்துருவோம்.

ஒரே கூடத்துல படுத்த கூட்டுக்குடும்பம்

1990-ல் வந்த விண்டோஸ் 3.0-வுல ஒரு நிரல் தப்பு பண்ணினா 'அன்ரெகவரபிள் அப்ளிகேஷன் எரர்'னு ஒரு சேதி வரும். 1992-ல் 3.1 வந்தப்போ அதோட பேரு 'ஜெனரல் புரொடெக்ஷன் ஃபால்ட்'னு மாறிச்சு. பேரு மாறிச்சே தவிர விழுறது நிக்கல.

விஷயம் இதுதான். நினைவகத்துல (அதாங்க ரேம்) ஒவ்வொரு நிரலுக்கும் தனி இடம் உண்டு. ஒருத்தர் இடத்துல இன்னொருத்தர் கை வச்சா பிராசஸர் சத்தம் போடும். அந்தச் சத்தம்தான் மேலே சொன்ன சேதி. விண்டோஸ் 95, 98 காலத்துல தனித்தனி அறை கட்டினாங்க. ஆனா பழைய நிரல்களும் ஓடணுமேன்னு, இயக்குதளத்தோட முக்கியமான பகுதிகளைப் பொது இடத்துல விட்டுட்டாங்க. கூடத்துல வரிசையா பாய் விரிச்சுப் படுக்குற கூட்டுக்குடும்பம் மாதிரி. ஒரு ஆள் தூக்கத்துல உதைச்சா மொத்த வீடும் எந்திரிச்சுரும். வேர்டு ஆவணம் தட்டிட்டு இருக்கும்போது பிரிண்டரோட டிரைவர் உதைச்சு, நீலத்திரை வந்து நின்னா, அது வேர்டோட தப்பும் இல்ல, தட்டினவரோட தப்பும் இல்ல.

அந்த நீலத்திரைக்கே ஒரு சுவாரசியமான வரலாறு இருக்கு. எல்லாரும் ஒண்ணுன்னு நெனைக்கிறது உண்மையில மூணு வேற வேற திரை. விண்டோஸ் 3.1-ல் கன்ட்ரோல்-ஆல்ட்-டெலிட் அமுக்கினா வந்த நீலத்திரையோட வாசகத்தை எழுதினது ஸ்டீவ் பால்மர். பின்னாடி கம்பெனிக்கே தலைவரான அதே பால்மர்தான்! 95-ல் வந்த நீலத்திரையை முடிவு செஞ்சவர் ரேமண்ட் சென். என்.டி.யில வந்ததை எழுதினவர் ஜான் வெர்ட். ஏன் நீலம்? வெர்ட் வேலை பார்த்த கணினியும் அவரோட எடிட்டரும் நீலத்துல வெள்ளை எழுத்தாவே இருந்துச்சாம். அதனால அதையே வச்சுட்டார். அவ்ளோதான், வேற தத்துவம் எதுவும் இல்ல.

இந்தத் திரை சாமானியன் வீட்டுக்கு மட்டும்தான் வந்துச்சுன்னு நெனைக்காதீங்க. 1998 ஏப்ரல் 20, சிகாகோவுல காம்டெக்ஸ் கண்காட்சி. மேடையில பில் கேட்ஸ் நிக்கிறார். பக்கத்துல கிறிஸ் கபோசெலா, விண்டோஸ் 98-ல் ஸ்கேனரை மாட்டினா தானாவே வேலை செய்யும்னு காட்டப் போறார். மாட்டினார். நீலத்திரை! கூட்டம் கைதட்டிச் சிரிச்சுது. இதனாலதான் இன்னும் விற்பனைக்கு விடலைங்கற மாதிரி கேட்ஸ் சமாளிச்சார். அவர் பையனை யாரும் கேம் விளையாடினியான்னு கேக்கல.

இன்னொண்ணு. விண்டோஸ் 95, 98 ரெண்டும் தொடர்ந்து 49.7 நாள் ஓடினா உறைஞ்சு போகும். பெட்டி தொடங்கினதிலிருந்து மில்லிவிநாடிகளை எண்ணுற ஒரு 32 பிட் கணக்கு உள்ளே இருக்கு. 429,49,67,296 வரை எண்ணி முடிஞ்சதும் திரும்ப பூஜ்யத்துக்கு வந்துரும். வேற சில பகுதிகளுக்கு அப்போ தலைகால் புரியாது. 1995-ல் வந்த இயக்குதளத்துல இருந்த இந்தப் பிழை 1999-லதான் வெளிய தெரிஞ்சுது. நம்ம ஊர்ல நாப்பத்தொன்பது நாள் கரண்டு போகாம இருந்தாத்தானே யாராச்சும் பாத்திருக்க முடியும்!

வேகமா இருந்ததுக்காக விழுந்த பெட்டி

அசெம்பிள்டு பெட்டி வாங்கினவங்க பலர் காசு கம்மின்னு ஏஎம்டி பக்கம் போனாங்க. 1998-ல் வந்த கே6-2 சிப், 350 மெகாஹெர்ட்ஸும் அதுக்கு மேலயும். அதுல விண்டோஸ் 95 போட்டா, தொடங்கும்போதே 'விண்டோஸ் புரொடெக்ஷன் எரர்'னு நிக்கும். அதுவும் எப்பவும் இல்ல, சில தடவை மட்டும். உடனே ஊர்ல பேச்சு: "மலிவு சிப்பு, அப்படித்தான் இருக்கும். இன்டெல் வாங்கியிருக்கணும்."

உண்மை தலைகீழ். விண்டோஸ் 95 தொடங்கும்போது அதுல ஒரு பகுதி சிப்போட வேகத்தை அளக்கும். ஒரு சின்னக் கட்டளையைப் பல லட்சம் தடவை ஓடவிட்டு, ஆன நேரத்தால வகுக்கும். இந்த சிப் அந்தக் கட்டளையை எழுதினவங்க எதிர்பாராத வேகத்துல முடிச்சுட்டதால, ஆன நேரம் 'பூஜ்யம்'னு வந்துரும். பூஜ்யத்தால வகுத்தா என்ன ஆகும்? எட்டாங்கிளாஸ் கணக்கு வாத்தியாரே அனுமதிக்க மாட்டார், பிராசஸர் எப்படி விடும்? பெட்டி விழும். அப்புறம் இதைச் சரி பண்ண ஒரு சின்ன ஒட்டு வெளிவந்துச்சு. பரீட்சையை அரைமணி நேரத்துல முடிச்ச பையனைக் காப்பியடிச்சான்னு வெளிய அனுப்பின கதைதான் இது.

உப்புக்காத்தும் ஒன்பதாவது பிட்டும்

இதுவரைக்கும் மென்பொருள். இனி இரும்பு.

1978-ல் இன்டெல்லில் வேலை பார்த்த திமோதி மே, முர்ரே வுட்ஸ் ரெண்டு பேரும் ஒரு விசித்திரத்தைக் கண்டுபிடிச்சாங்க. நினைவகச் சிப்புகள்ல காரணமே இல்லாம ஒரு பிட் 0-விலிருந்து 1 ஆகுது, 1 இருந்தா 0 ஆகுது. சிப்புல கோளாறு இல்ல. அதை மூடியிருந்த பீங்கான் உறையில அணு அளவுல யுரேனியமும் தோரியமும் கலந்திருந்துச்சு. அதுலேர்ந்து வர்ற ஆல்ஃபா துகள்தான் பிட்டைப் புரட்டுது! உறையைச் சுத்தமான பொருள்ல செஞ்சதும் அந்தத் தொல்லை வெகுவா குறைஞ்சுது. ஆனா நினைவகம் பொய் சொல்லும்ங்கறது உலகத்துக்குத் தெரிஞ்சு போச்சு.

1981-ல் வந்த முதல் ஐபிஎம் பிசியில இதுக்கு ஒரு காவல் இருந்துச்சு. ஒவ்வொரு எட்டு பிட்டுக்கும் ஒன்பதாவதா ஒரு 'பேரிட்டி' பிட். எட்டுல ஒண்ணு மாறினா இது காட்டிக்கொடுக்கும். 1990-களின் நடுவுல விலையைக் குறைக்கிறதுக்காக வீட்டுக் கணினிகள்லேர்ந்து அந்தக் காவல்காரனைத் தூக்கிட்டாங்க. 64 எம்பி ரேம்னா 53 கோடிக்கு மேல பிட்டு. அதுல ஒண்ணு கெட்டாலும் சொல்ல ஆள் இல்ல. கெட்ட பிட் எந்த நிரலோட இடத்துல இருக்கோ, அந்த நிரல் விழும். நாம அந்த நிரலைத் திட்டுவோம்.

நம்ம ஊருக்குன்னு இதுல ஒரு தனிச்சிறப்பு உண்டு: உப்புக்காத்து. கடற்கரையிலிருந்து ரெண்டு தெரு தள்ளியிருக்குற வீட்டுல ஜன்னல் கம்பி என்ன ஆகுதுன்னு பாருங்க, பெட்டிக்குள்ள இருக்குற தொடுபுள்ளிகளுக்கும் அதேதான். ரேம் அட்டையோட தொடுமுனையில லேசா ஒரு படலம் படியும். ஒருநாள் ஓடும், ஒருநாள் 'பீப் பீப்'னு கத்தும். ஊர் மெக்கானிக்குகள் எல்லாரும் ரேமைக் கழட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைங்க பென்சில் ரப்பரால தேச்சு மாட்டுவாங்க. பெட்டி எந்திரிச்சுரும். மந்திரம் மாதிரி தெரிஞ்ச அந்த வைத்தியத்துக்கு இதுதான் காரணம். நான் பாத்த வரைக்கும் ரப்பர் வைத்தியம் ஃபார்மட்டை விட நெறய பெட்டியைப் பொழைக்க வச்சிருக்கு.

அறுபது விநாடி

2003 ஆகஸ்ட் 11. அன்னைக்குத்தான் பிளாஸ்டர் புழு பரவ ஆரம்பிச்சுது. விண்டோஸ் எக்ஸ்பி பெட்டியில டயல்-அப் கனெக்ட் ஆன கொஞ்ச நேரத்துல ஒரு சின்னப் பெட்டி வரும். கணினி அணையப் போகுதுன்னு சொல்லி அறுபதுலேர்ந்து கீழ எண்ணும். ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு... ராக்கெட் விடுற மாதிரி. பூஜ்யம் வந்ததும் ரீஸ்டார்ட்.

இதுல கொடுமை, ஓட்டை ஏற்கனவே அடைக்கப்பட்டிருந்துச்சு. மைக்ரோசாஃப்ட் 2003 ஜூலை 16-லயே ஒட்டு வெளியிட்டாச்சு. ஆனா நிமிஷத்துக்கு நிமிஷம் போன் பில் ஏறுற டயல்-அப்ல உக்காந்து அப்டேட் இறக்கினவங்க எத்தனை பேர்? நம்ம ஊர் வைத்தியம் தெரியும்ல, ஃபார்மட். பழைய எக்ஸ்பி சிடியைப் போட்டு முதல்லேர்ந்து நிறுவினாங்க. அந்த சிடியில பழைய ஓட்டை அப்படியே இருக்கு! கனெக்ட் பண்ணினதும் திரும்ப அறுபது, ஐம்பத்தொன்பது... ரெண்டாவது ஃபார்மட். மூணாவது. ஃபயர்வாலைப் போட்டுட்டு ஒட்டை மட்டும் இறக்கியிருந்தா முடிஞ்ச வேலை.

2004 ஏப்ரல் கடைசியில இதே மாதிரி சாஸர் புழு. அதை எழுதினவர் ஸ்வென் யாஷன்னு ஒரு ஜெர்மன் மாணவர், பதினெட்டு வயசு. மே மாசமே பிடிச்சுட்டாங்க. 2005-ல் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைச்சுது. ஆக, இந்த ஒரு வழக்குல மட்டும் உண்மையிலேயே ஒரு பையன்தான் குற்றவாளி. ஆனா அவன் நம்ம வீட்டுப் பையன் இல்ல! 2004 ஆகஸ்டில் சர்வீஸ் பேக் 2 வந்து ஃபயர்வாலைத் தானாவே போட்டு வச்சப்புறம்தான் இந்த வகைத் தொல்லை அடங்குச்சு.

உப்பின தலை

இப்போ வர்றதுதான் இந்த வழக்கோட முக்கியமான குற்றவாளி. இவனைப் பத்தித்தான் நம்ம வீடுகள்ல யாருக்கும் தெரியவே இல்ல.

மதர்போர்டுல பிராசஸரைச் சுத்தி சின்னச் சின்ன உருளைகள் நிக்கும், பாத்திருப்பீங்க. எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர். பிராசஸருக்கு ஒண்ணரை வோல்ட் மாதிரி ரொம்பக் குறைஞ்ச மின்னழுத்தம், ஆனா நெறய ஆம்பியர் வேணும். அதுவும் ஆடாம வேணும். அலை அடிக்கிற மின்சாரத்தைத் தேக்கி சமமா விடுற தொட்டிதான் இந்த உருளை. உள்ளே ஒரு திரவம் இருக்கும்.

சுமார் 1999-லேர்ந்து 2007 வரைக்கும் உலகம் பூரா மதர்போர்டுகள்ல இந்த உருளைகள் கூட்டம் கூட்டமா செத்துச்சு. 'கெப்பாசிட்டர் பிளேக்'னே பேரு வச்சாங்க. பெரும்பாலும் தைவான் கம்பெனிகள் செஞ்ச உருளைகள். உள்ளே ஊத்தின திரவத்துல, அலுமினியத்தை அரிக்காம தடுக்குற பொருள் சரியா இல்ல. நாளாக ஆக ஹைட்ரஜன் வாயு உண்டாகும். தலைப்பகுதி உப்பும். கடைசியில வெடிச்சுப் பழுப்பா ஒழுகும். ஒரு ஜப்பான் கம்பெனியோட திரவச் சூத்திரத்தைத் திருடும்போது அரைகுறையா திருடிட்டாங்கன்னு 2002-ல் தொழில் இதழ்கள்ல ஒரு கதை வந்துச்சு. சினிமாவுக்கு நல்லாருக்கும், ஆனா அது கடைசி வரைக்கும் நிரூபணம் ஆகல. தைவான் உருளைன்னு மட்டும் சொல்லித் தப்பிக்கவும் முடியாது. டெல் கம்பெனி 2003 மே முதல் 2005 ஜூலை வரைக்கும் வித்ததுல 1.18 கோடி கணினிகள் பழுதாகுற அபாயத்துல இருந்துச்சுன்னு ஒரு வழக்குல வெளிவந்துச்சு. அதுல மாட்டியிருந்தவை ஜப்பான் கம்பெனி உருளைகள். 2005-ல் இதுக்காக டெல் ஒதுக்கின தொகை 30 கோடி டாலர்.

இப்போ நம்ம ஊரை இதுல வச்சுப் பாருங்க. இந்த உருளைகளுக்கு ஒரு பொதுக்கணக்கு உண்டு: சூடு 10 டிகிரி ஏறினா ஆயுசு பாதி. ஏசி அறையில பத்து வருஷம் தாங்குறது, மே மாசத்துல மரமேஜை அடியில மூடிவச்ச பெட்டிக்குள்ள எத்தனை நாள் தாங்கும்? நல்ல உருளைக்கே இந்த கதின்னா மட்டமான உருளைக்குச் சொல்லணுமா?

சரி, கேம் எங்க வருது? கவனிங்க, விஷயம் இதுலதான் இருக்கு. வேர்டுல தட்டும்போது பிராசஸர் பாதி நேரம் தூங்கும். மின்சாரம் கொஞ்சம்தான் இழுக்கும். செத்துக்கிட்டிருக்குற உருளை அதைச் சமாளிச்சுரும். பையன் வந்து 'வைஸ் சிட்டி' போட்டான்னா பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் முழு மூச்சா இழுக்கும். உருளையால முடியாது. மின்னழுத்தம் ஒரு கணம் தள்ளாடும், ஒரு பிட் தப்பாகும், பெட்டி ரீஸ்டார்ட் ஆகும். அப்பா கதவுகிட்ட நின்னு பாத்துட்டு இருப்பார். கேம் போட்டதும் விழுது. கண்ணால பாத்த சாட்சி! அவரைச் சொல்லியும் குத்தமில்ல. ஆனா கேம் அங்க செஞ்சது ஒரு வேலைதான்: ஏற்கனவே இருந்த நோயை வெளிய காட்டினது. மாடிப்படி ஏறும்போது நெஞ்சுவலி வந்தா படிக்கட்டையா இடிக்கிறோம்?

சொல்தா ஐயாவோட கோப்பு

இதெல்லாம் வெறும் தொழில்நுட்பக் கதைன்னா இவ்வளவு தூரம் எழுதியிருக்க மாட்டேன்.

எங்க தெருவுல ஒரு பெரியவர் இருந்தார். பிரெஞ்சு ராணுவத்துல இருந்து ஓய்வு பெற்றவர். எங்க ஊர்ல 'சொல்தா'ன்னு சொல்வோம். இந்தோசீனாவுல சண்டை போட்டவர், அப்புறம் அல்ஜீரியா. மகன் பாரீஸ்ல. அவனோட மெசஞ்சர்ல பேசுறதுக்காகத்தான் வீட்டுக்குக் கணினி வந்துச்சு. 2005 வாக்குல, அவர் தன்னோட ராணுவ வாழ்க்கையைச் சொல்லச் சொல்ல, காலேஜ் படிச்சிட்டிருந்த பேத்தி தமிழ்ல தட்ட ஆரம்பிச்சா. சாயங்காலம் அரைமணி நேரம். அறுபது பக்கம் வரைக்கும் வந்துச்சு.

பெட்டி படுக்க ஆரம்பிச்சுது. முதல் நாள் ஒரு எரர், மறுநாள் வேற எரர், அதுக்கு மறுநாள் எரரே இல்லாம ரீஸ்டார்ட். பதினோரு வயசுப் பேரன் கேம் விளையாடுவான், அதனால அவன் மேல பழி. மெக்கானிக் தம்பி வந்து ஃபார்மட் போட்டார், முந்நூறு ரூபாய். பேத்தி சிடியில காப்பி எடுத்து வச்சிருந்ததால அந்தத் தடவை தப்பிச்சுது. பத்து நாள்ல மறுபடி. ரெண்டாவது ஃபார்மட், அப்பவும் தப்பிச்சுது. மூணாவது தடவை பேத்தி பரீட்சைக்காக சென்னையில இருந்தா. 'மை டாக்குமெண்ட்ஸ்' சி டிரைவ்ல இருக்கும், சி டிரைவைத்தான் ஃபார்மட் பண்ணுவாங்க. ரெண்டாவது காப்பிக்கு அப்புறம் எழுதின நாற்பது பக்கம் போச்சு. அல்ஜீரியா முழுசும்.

அப்புறம் என்னைக் கூப்பிட்டாங்க. மூடியைக் கழட்டி டார்ச் அடிச்சுப் பாத்தேன். பிராசஸர் பக்கத்துல ஆறு உருளை. அஞ்சோட தலை பணியாரம் மாதிரி உப்பியிருந்துச்சு, ஒண்ணு வெடிச்சு பழுப்பா காஞ்சிருந்துச்சு. எத்தனை ஃபார்மட் போட்டாலும் அது நேராகுமா? "ஐயா, தம்பி மேல எந்தத் தப்பும் இல்லைங்க, இதப் பாருங்க"ன்னு காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக் குனிஞ்சு ரொம்ப நேரம் பாத்தார். "இத்தினூண்டு சாமானா?"ன்னார். போர்டு மாத்தினோம். பெட்டி அதுக்கப்புறம் நல்லா ஓடுச்சு. பேரனுக்கு கேம் திரும்பக் கிடைச்சுது. ஆனா அவர் அல்ஜீரியாவை மறுபடி சொல்ல உக்காரவே இல்ல. "ஒரு தடவ சொன்னதே பெருசு தம்பி"ன்னுட்டார். இப்போ அவர் இல்ல.

அந்த மெக்கானிக்கையும் நான் திட்ட மாட்டேன். அவர் கையில இருந்தது ஒரு ஸ்க்ரூடிரைவரும் ஒரு எக்ஸ்பி சிடியும்தான். ஃபார்மட் போட்டா பத்து நாள் ஓடுது, காசு கிடைக்குது. கெப்பாசிட்டர் பிளேக் பத்தி அவருக்கு யார் சொன்னா?

செண்ட், டோன்ட் செண்ட்

உலக அளவுல இந்தப் பழியைக் கணக்கெடுக்க ஒரு ஏற்பாடு அப்பவே வந்துருச்சு. 2001-ல் வந்த எக்ஸ்பியில ஒரு நிரல் விழுந்தா, பிழை அறிக்கையை மைக்ரோசாஃப்டுக்கு அனுப்பட்டுமான்னு கேக்கும். செண்ட், டோன்ட் செண்ட். அப்படிச் சேர்ந்த அறிக்கைகளை வச்சுத்தான் 2002 அக்டோபர்ல ஸ்டீவ் பால்மர் ஒரு கடிதத்துல சொன்னார்: மொத்தப் பிழைகள்ல 20 சதவீதம்தான் 80 சதவீதத் தொல்லைக்குக் காரணம். வெறும் 1 சதவீதப் பிழைகளே பாதித் தொல்லைக்குக் காரணம். எதை முதல்ல சரிபண்றதுன்னு அப்புறம்தான் தெளிவாச்சு. 2007 விஸ்டா காலத்துக் கணக்கு ஒண்ணு பின்னால ஒரு வழக்குல வெளிவந்துச்சு. அதுல இருந்த கிராஷ்கள்ல சுமார் 29 சதவீதம் என்விடியா டிரைவர்களால, மைக்ரோசாஃப்டோட சொந்தப் பங்கு சுமார் 18 சதவீதம்.

நாம என்ன அமுக்கினோம்? டோன்ட் செண்ட். கனெக்ஷனே இல்லாதப்போ, இருந்தாலும் பில் ஏறும்போது, வேற எதை அமுக்குறது? நம்ம தெருக்கள்ல விழுந்த பெட்டிகள்ல எவ்வளவோ அந்தக் கணக்குல ஏறாமயே போயிருக்கும். கணக்குல ஏறாத குற்றத்துக்கு வீட்டுக்குள்ளயே ஒரு குற்றவாளியைப் பிடிச்சுக்கிட்டோம்.

துப்புத் துலக்குற முறை

இத்தனை வழக்கையும் பாத்தா ஒரு சின்ன முறை கிடைக்குது. இன்னைக்கும் செல்லும்.

1. விழுந்தா முதல்ல எழுதி வைங்க. இப்போன்னா செல்போன்ல ஒரு போட்டோ. எக்ஸ்பி தானாவே ரீஸ்டார்ட் ஆகி நீலத்திரையை மறைச்சுரும். 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி'ல அந்த டிக்கை எடுத்தாத்தான் திரை நிக்கும்.

2. ஒவ்வொரு தடவையும் ஒரே பிழை, ஒரே கோப்பு பேருன்னா மென்பொருள் அல்லது டிரைவர் மேல சந்தேகம். தினம் ஒரு பிழைன்னா நினைவகம், மின்சாரம், சூடு. இந்த ஒரு விதி தெரிஞ்சிருந்தா சொல்தா ஐயா வீட்டுல மூணு ஃபார்மட்டும் தேவையே இல்ல.

3. விண்டோஸை விட்டுட்டு லினக்ஸ் சிடியில தொடங்கிப் பாருங்க. நாப்பிக்ஸ் இருந்துச்சு. 2005-லேர்ந்து 2011 வரைக்கும் உபுண்டு சிடியை இலவசமா தபால்ல வீட்டுக்கே அனுப்பினாங்க, ஞாபகம் இருக்கா? இப்போ அதையே பென்டிரைவ்ல போட்டுக்கலாம். அதுலயும் விழுந்தா விண்டோஸ் நிரபராதி, இரும்பைப் பாருங்க. முக்கியமா, அப்படித் தொடங்கின பெட்டியிலேர்ந்து உங்க கோப்புகளை வெளிய எடுத்துக்கலாம்.

4. மெம்டெஸ்ட்86-ஐ ராத்திரி பூரா ஓட விடுங்க. காலையில ஒரே ஒரு சிவப்பு வரி இருந்தாலும் ரேம் சந்தேகத்துக்குரியது.

5. மூடியைக் கழட்டி, கரண்டை எடுத்துட்டு, டார்ச் அடிச்சுப் பாருங்க. காசு செலவில்லாத சோதனை.

6. ஃபார்மட் கடைசி. காப்பி எடுக்காம ஃபார்மட் எப்பவுமே கூடாது.

தீர்ப்பு

எச்.சி.எல்.லும் விப்ரோவும் பிசி செய்யறதை 2013-ல் விட்டுட்டாங்க. லெனோவோ இன்னும் இங்க செய்யுது. ஊர் பேரு 2006-ல் பாண்டிச்சேரியிலிருந்து புதுச்சேரியாச்சு. நீலத்திரைகூட 2025-ல் விண்டோஸ் 11-ல் கறுப்பா மாறிடுச்சு. ஆனா பழி போடுற வழக்கம் அப்படியே இருக்கு. 2024 ஜூலை 19, உலகம் பூரா விமான நிலையம், வங்கி, ஆஸ்பத்திரின்னு சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் ஒரே நாள்ல விழுந்துச்சு. நம்ம நாட்டு விமான நிலையங்கள்ல போர்டிங் பாஸைக் கையால எழுதிக் கொடுத்தாங்க. எல்லாரும் விண்டோஸைத்தான் கிண்டல் பண்ணினாங்க. தள்ளிவிட்டது கிரவுட்ஸ்டிரைக்குங்கற பாதுகாப்பு மென்பொருளோட ஒரு தப்பான அப்டேட் கோப்பு. விழுந்தவன் பேருதான் திரையில தெரியும், தள்ளினவன் பேரு தெரியாது. 1992-லயும் அதுதான், 2024-லயும் அதுதான்.

ஆகவே கனம் கோர்ட்டார் அவர்களே, 'கேம் விளையாண்டு கெடுத்துட்டான்'ங்கற குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லாததால், 1995 முதல் 2010 வரை தண்டனை அனுபவிச்ச எல்லாப் பையன்களையும், பொண்ணுங்களையும் விடுதலை செய்யணும்னு கேட்டுக்கறேன் :-) (கேம்னு இறக்கி வைரஸைக் கொண்டாந்தவங்க வழக்கு தனி. அதுக்கு இங்க ஜாமீன் கிடையாது.)

உங்க வீட்டுப் பரண்ல அந்தக் காலத்துப் பெட்டி இன்னும் கிடக்குதா? எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி ரெண்டு வேலை செய்ங்க. ஹார்ட் டிஸ்கைக் கழட்டி உள்ள என்ன இருக்குன்னு பாருங்க. தாத்தா பாட்டி குரலோ, யாரோ தட்டின நாலு பக்கமோ இருக்கலாம். அப்புறம் பிராசஸர் பக்கத்துல நிக்கிற உருளைகளோட தலையை விரலால தடவிப் பாருங்க. தட்டையா இருந்தா சரி. உப்பியிருந்தா, அன்னைக்குத் திட்டு வாங்கின ஆளுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிருங்க.